கழுத்துக்கு வேலை இல்லை!

எல்லாம் ஒரு டிரான்ஸ்பர் ஆர்டரால் வந்த வினை.

எங்கள் டீமில் யாருக்கும் பெயர் கிடையாது. உத்தியோகம்தான் பெயர். வக்கீல், கூரியர், ஐ.டி., மெடிக்கல் ரெப். சிவில் என்ஜினீயர்கள் இரண்டு பேர் இருப்பதால் பெரிய சிமெண்ட், சின்ன சிமெண்ட். அடியேன் 'ரைட்டர்'. (போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்துக்கொண்டு புதுப் பையன்கள் முதல் ஒரு வாரம் ரொம்ப மரியாதையாக இருப்பார்கள். பத்திரிகைக்கு எழுதுபவன் என்று தெரிந்ததும் தண்ணீர் கேன் தூக்கச் சொல்லிவிடுவார்கள்.)

'பாங்க்' என்றொருவர் இருந்தார். 112 கிலோ. எட்டு வருஷமாக எங்களுடைய மூன்றாம் நம்பர். திடீரென்று பிரமோஷன், கூடவே போபாலுக்கு டிரான்ஸ்பர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துவிட்டு, கண் கலங்கி, தன் பூட்ஸை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு. கோச் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கோடியிலிருந்து கோடி வரை பார்த்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி நிதானமாக. என்னிடம் வந்ததும் நின்றார். என் தொப்பையைப் பார்த்தார். பின்பக்கம் போய் அங்கேயும் பார்த்தார்.

"ரைட்டர், நீர் இனி மூண்டு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோச் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா யாழ்ப்பாணம், படிப்பு கண்டி. பள்ளிக்கூட ரக்பி பார்க்க ஊரே திரண்டு வருகிற இடம் அது. அங்கே டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் 1945-லிருந்து நடக்கிற பிராட்பி ஷீல்டு மேட்ச் என்றால் நம் ஊர் தேர்த் திருவிழா மாதிரி. வயது ஐம்பத்தெட்டு. இரண்டு காதும் முறுக்கிப் பிழிந்த ஜாங்கிரி போல இருக்கும். அது ஸ்க்ரம் கொடுத்த பட்டயம். இப்போது சென்னையில் ஏதோ ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குச் சனி.

'சென்னையில் ரக்பியா?' என்று நீங்கள் புருவத்தைத் தூக்குவது தெரிகிறது. உண்டு ஸார். ஜிம்கானா கிளப்பில் வெள்ளைக்காரன் காலத்திலேயே உண்டு. 2025-ல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் கோப்பையைத் தூக்கியது 'சென்னை புல்ஸ்' என்பதாவது ஞாபகம் இருக்குமே? ஆனால் அது ஏழு பேர் ஆடுவது. ஸ்க்ரமில் ஆளுக்கு மூன்று பேர்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நாங்கள் ஆடுவது பதினைந்து பேர் ரக்பி. இங்கே ஸ்க்ரம் என்றால் எட்டுக்கு எட்டு.

தெரியாதவர்களுக்காக ஒரு நிமிஷம். ரக்பியில் பந்தை முன்பக்கம் பாஸ் பண்ணக் கூடாது. கையிலிருந்து முன்னால் நழுவவும் கூடாது. நழுவினால் ரெஃப்ரி விசில் ஊதி ஸ்க்ரம் கொடுப்பார். இந்தப் பக்கம் எட்டு பேர், அந்தப் பக்கம் எட்டு பேர், குனிந்து தோளோடு தோள் கோத்துக்கொண்டு, நடுவில் விடுகிற சந்தில் பந்தை உருட்டுவார்கள். தள்ளித் தள்ளிப் பந்தைத் தங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும். மேலிருந்து பார்த்தால் சாயங்காலம் ஆறு மணி தாம்பரம் ட்ரெயின் வாசல் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனி வேலை.

முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவர் ஹுக்கர். காலால் பந்தைக் கொத்தி இழுப்பவர். (இந்தப் பெயரை வீட்டில் உரக்கச் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் விளக்கம் கொடுத்திருக்கிறேன்.) அவருக்கு இடப்பக்கம் ஒன்றாம் நம்பர், லூஸ்ஹெட். வலப்பக்கம் மூன்றாம் நம்பர், டைட்ஹெட். ஏன் லூஸ், ஏன் டைட்? ஒன்றாம் நம்பரின் தலை ஒரு பக்கம் வெளியே ஃப்ரீயாக இருக்கும். மூன்றாம் நம்பரின் தலையோ எதிராளியின் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒருத்தர் வலது தோளில் அழுத்துவார், இன்னொருத்தர் இடது தோளில். பின்னாலிருந்து நம் ஆட்களே, 'லாக்' ஒருத்தர், 'ஃப்ளாங்கர்' ஒருத்தர், முட்டித் தள்ளுவார்கள். மாமியார், மனைவி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து கடன்காரனும் வந்து நெருக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் டைட்ஹெட்.

நான் அதுவரை ஆறாம் நம்பர் ஃப்ளாங்கர். ஸ்க்ரம் என்றால் ஓரமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு, பந்து வெளியே வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போகிறவன். ஓடிப்போகிறவனாக *இருந்தவன்*. முப்பத்தைந்து தாண்டிய பிறகு பந்து போய்ச் சேர்ந்து, அங்கே அடிதடி முடிந்து, எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்ளும்போதுதான் நான் போய்ச் சேருவேன். எடை 96. இதை ஐந்தொகை போட்டுப் பார்த்தால் (பி.காம். படித்ததற்கு இதாவது மிச்சம்) வேகம் பற்று, வெயிட் வரவு. கோச் கணக்கைத்தான் எழுதினார்.

"முடியாது ஸார். கழுத்துல ஏதாவது ஆச்சுன்னா?"

"நீர் மாட்டன் எண்டா ஸ்க்ரமே இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. ரக்பி சட்டத்தில் ஒரு கறாரான விதி இருக்கிறது. முன்வரிசையில் நிற்க முறையாகப் பழகிய ஆள் இல்லாவிட்டால், தள்ளாத ஸ்க்ரம்தான் நடக்கும். சும்மா கோத்துக்கொண்டு நிற்க வேண்டும், பந்தை உருட்டியவனே எடுத்துக்கொண்டு போவான். பாதுகாப்புக்காக வைத்த விதி, நியாயமான விதி. ஆனால் எங்கள் டீமில் ஓடத் தெரிந்த பையன்கள் குறைவு, தள்ளத் தெரிந்த தடியன்கள் அதிகம். ஸ்க்ரம் இல்லையென்றால் எங்களிடம் என்ன இருக்கிறது? ஏழு வாழைப்பழமும் இரண்டு தண்ணீர் கேனும்.

கோச் அன்றைக்குப் போகிற போக்கில் சொன்னதுதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. "ஆள் போறதால கிளப் சாகாது. போன ஆளிட இடத்தில நிக்க ஆள் இல்லையெண்டால்தான் சாகும். கல்கத்தா தெரியும்தானே?"

தெரியும். வணிகவியல் படித்தவன் எவனும் ரசிக்க வேண்டிய கதை அது. 1872 கிறிஸ்துமஸ் அன்று கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்து ஒரு பக்கம், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் இன்னொரு பக்கம் என்று பிரிந்து ரக்பி ஆடினார்கள். ரொம்பப் பிடித்துப்போய் 1873-ல் கிளப்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. வெயில், போலோ மோகம், ரெஜிமெண்டுகள் ஊர் மாறிப் போனது (அங்கேயும் டிரான்ஸ்பர் ஆர்டர்!) எல்லாம் சேர்ந்து ஆளே இல்லாமல் போய்விட்டது. கிளப்பில் ஓசி சரக்கை நிறுத்தியதும்தான் மெம்பர்கள் கழன்றுகொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்பலாம், நாட்டு நடப்புதான். பாங்கில் மிச்சம் இருந்த 270 வெள்ளி ரூபாயை எடுத்தார்கள். பங்கு போட்டுக்கொள்ளவில்லை. உருக்கிக் கோப்பை செய்தார்கள். கைப்பிடி மூன்றும் நாகப்பாம்பு, மூடி மேல் யானை. 1879-லிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன. கலைத்த கம்பெனியின் கடைசி பாலன்ஸை இவ்வளவு அழகாகச் செலவழித்தவர்கள் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

எங்கள் கிளப்பை உருக்கினால் ஒரு டம்ளர்கூடத் தேறாது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

முதல் பாடம் மைதானத்தில் இல்லை, என் வீட்டு ஹாலில். ஒட்டடைக் குச்சியை முதுகில் நெடுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். பின்மண்டை, நடுமுதுகு, இடுப்புக்குக் கீழ் எலும்பு - மூன்று இடத்திலும் குச்சி ஒட்டியிருக்க வேண்டும். அப்படியே இடுப்பை மடித்துக் குனிய வேண்டும். முழங்கால் கொஞ்சம் மடியலாம், முதுகு வளையக் கூடாது. மூன்றில் ஒரு இடத்தில் குச்சி விலகினாலும் பாஸ் மார்க் இல்லை.

எழுதுகிறவனும் ஆபீஸ் போகிறவனும் ஒரே ஜாதி. பத்து மணி நேரம் நாற்காலியில் கேள்விக்குறியாக உட்கார்ந்து பழகிய முதுகு. குனிந்த மாத்திரத்தில் தொடையின் பின்நரம்பு 'ஐயோ' என்றது, முதுகு வில்லாக வளைந்தது, குச்சி சரிந்து டி.வி. மேல் விழுந்தது. (ரிமோட்டுக்குத்தான் சேதம்.)

"ஏண்டா, ஒட்டடைக் கொம்ப முதுகுல வெச்சிட்டு என்ன வேண்டுதலை?" என்றாள் அம்மா.

"பயிற்சிம்மா."

"அதே கொம்ப எடுத்து அந்த மூலையில ஒட்டடை அடிச்சா அதுவும் பயிற்சிதான்."

என் மகளுக்கு மட்டும் இதில் ஒரே குஷி. இரண்டாம் வாரம் குச்சிக்குப் பதில் முதுகில் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டு எண்ண ஆரம்பித்தாள். நான் கரடி மாதிரி கையும் காலும் ஊன்றி, முழங்கால் தரையிலிருந்து நாலு விரல் மேலே நிற்க, தண்ணீர் சிந்தக் கூடாது. முதல் நாள் எட்டு எண்ணுவதற்குள் அபிஷேகம். மாதக் கடைசியில் அறுபது வரை போனேன். அவளுக்கு அறுபதுக்கு மேல் எண்ணப் பொறுமை இல்லை, அதனால் என் ரெக்கார்டு அங்கேயே நிற்கிறது.

மைதானத்துப் பாடம் வேறு. முதலில் ஒருவனுக்கு ஒருவன், பிறகு மூன்றுக்கு மூன்று, கடைசியில்தான் எட்டுக்கு எட்டு. ஸ்க்ரம் மெஷின் என்று ஒன்று உண்டு. பஞ்சுத் திண்டு வைத்த இரும்பு வண்டி. எங்களிடம் அது இல்லை. வேப்பமரத்தில் கட்டிய லாரி டயர் இருக்கிறது. அந்த டயரை நான் முதன்முதலில் ஓங்கித் தலையால் முட்டியபோது கோச் விசில் ஊதினார்.

"தம்பி, தலையால முட்டுறது கிடா. நீர் கிடாவோ?"

"இல்ல ஸார்."

"கால் தள்ளும். முதுகு கொண்டுபோகும். தோள் குடுக்கும். கழுத்துக்கு ஒரு வேலையும் இல்லை. அது நேரா, இறுக்கமா, சும்மா இருக்கோணும். நாடி நெஞ்சில முட்டக் கூடாது. கண்ணை மட்டும் மேல தூக்கிப் புருவத்துக்குள்ளால பாரும்."

கண்ணாடி முன்னால் செய்து பாருங்கள். மேனேஜரிடம் லீவ் கேட்கும்போது நீங்கள் பார்க்கிற பார்வைதான் அது.

அடுத்தது பிடி. இடது கை ஹுக்கரை அணைத்து அவர் அக்குளுக்குக் கீழே ஜெர்ஸியைக் கொத்தாகப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் இடுப்புக்கும் நடுவில் காற்றுப் போகக் கூடாது. வலது கையில்தான் சூட்சுமம். எதிராளியின் இடது கைக்கு வெளிப்பக்கமாகப் போய், அவருடைய முதுகிலோ விலாவிலோ ஜெர்ஸியைப் பிடிக்க வேண்டும். கையை, சட்டைக் கையை, காலரை, மார்பைப் பிடித்தால் தப்பு. அதைவிட முக்கியம், முழங்கை மேலே பார்த்து இருக்க வேண்டும். முழங்கை இறங்கினால் தோள் இறங்கும். தோள் இறங்கினால் பதினாறு பேரும் இறங்குவார்கள், அதில் அடியில் இருப்பவன் நீங்கள்.

இதைக் கோச் பதினைந்து தடவை சொன்னார். பதினாறாவது தடவை சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

ஆறாவது வாரம். எட்டுக்கு எட்டு. எனக்கு எதிரே பெரிய சிமெண்ட், பழைய லூஸ்ஹெட், கெட்டிக்காரர். ரெஃப்ரி ஸ்தானத்தில் கோச். 'க்ரவுச்' என்றார், குனிந்தோம். 'பைண்ட்' என்றார், பிடித்தோம். 'செட்' என்றார்.

எடை வந்தது. எப்படிச் சொல்வது? பஸ்ஸில் நசுங்குவது வேறு. இது முதுகுத்தண்டு வழியாக ஒரு லாரி நிதானமாக ரிவர்ஸ் எடுப்பது. சர்வதேச ஆட்டக்காரர்கள் எட்டுப் பேரை மெஷினில் மோதவிட்டு அளந்திருக்கிறார்கள், அந்த முதல் கணத்தில் ஒன்றரை டன்னுக்கு மேலே போகிறது. நாங்கள் அதில் பாதி இருந்தாலே அதிகம். ஆனாலும் என் வலது கை பதறிப்போய், பிடிமானம் தேடி, கீழே இறங்கியது. முழங்கை தரையைப் பார்த்தது. வலது தோள் விழுந்தது. தலை இடது பக்கம் ஒதுங்கியது. நடுவில் கழுத்து.

ஷாக் அடித்த மாதிரி ஒரு கோடு, கழுத்திலிருந்து கட்டை விரல் வரை. அப்புறம் வலது கை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மூக்கில் மண். மேலே யாரோ. யாரோ "எழுந்திரு ரைட்டர்" என்கிறார்கள். கோச் மட்டும் "ஒருத்தரும் தொடாதேங்கோ!" என்று கத்தியது கேட்டது.

இரண்டு நிமிஷத்தில் கை திரும்பி வந்துவிட்டது. முதலில் எரிச்சல், பிறகு மரமரப்பு, பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக. அந்த இரண்டு நிமிஷத்தில் நான் நினைத்தது ரக்பியைப் பற்றி இல்லை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கட்டுரை, வாடகை, மகள் ஸ்கூல் பீஸ். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது, மெடிக்கல் லீவ் என்றால் சம்பளம் இல்லாத லீவ். இருப்பது ஒரு வலது கை.

வீட்டில் சொல்லவில்லை. 'படுக்கை சரியில்லை, கழுத்து பிடிச்சுக்கிச்சு' என்று ஒரு சாதாரணப் பொய். சாப்பிடும்போது ரசத்துக் கரண்டி நழுவியது. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை என் செல்லை எடுத்துக் கோச்சுக்கே போன் போட்டுவிட்டாள்.

டாக்டரம்மாவிடம் அவளும் வந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். (பில்லைப் பார்த்ததும் கை மறுபடி மரத்தது.) எலும்பில் ஒன்றும் இல்லை, தோள் நரம்பு இழுபட்டிருக்கிறது என்றார் டாக்டர். "ஒரு கையில வந்து போயிடுச்சு, சரி. இதே ரெண்டு கையிலயும் வந்திருந்தாலோ, காலு தளர்ந்திருந்தாலோ நீங்க இங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க." மூன்று வாரம் ஓய்வு. கை பலம் முழுசாகத் திரும்பாமல், கழுத்து எல்லாப் பக்கமும் வலியில்லாமல் திரும்பாமல், மைதானம் பக்கமே போகக் கூடாது.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் சொன்னாள்: "என்னங்க, ஆடாதீங்கன்னு நான் சொல்லல. சொன்னா ஒளிச்சு ஆடுவீங்க. ஆனா பொய் சொல்லிட்டு ஆடறதா இருந்தா வேணாம். கரண்டி விழுந்தப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊரில் உள்ள எல்லா ஆட்டோக்காரரும் மனைவி கட்சி.

மூன்று வாரம் கழித்துக் கழுத்துப் பயிற்சி. உள்ளங்கையை நெற்றியில் வைத்துக் கை தள்ள, தலை நகராமல் எதிர்த்துத் தள்ள வேண்டும், பத்து எண்ணும் வரை. அதே போல் பின்மண்டை, வலம், இடம். பால்கனியில் நான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர், இரண்டு நாள் பொறுத்து, மூன்றாம் நாள் அமிர்தாஞ்சன் டப்பாவுடன் வந்துவிட்டார். "கடனா தம்பி?" என்றார் மெதுவாக.

கோச் தன் பங்குக்கு என்னை முதல் வகுப்பிலிருந்து மறுபடி சேர்த்தார். குச்சி, டம்ளர், டயர், ஒருவனுக்கு ஒருவன். இந்தத் தடவை நான் அவர் சொன்னதையெல்லாம் கேட்டேன். அவர் காலத்தில் இரண்டு பக்கமும் தூரத்திலிருந்து பாய்ந்து வந்து மோதுவார்களாம். அந்த மோதலில்தான் கழுத்துகள் போயின. 2007-ல் சர்வதேச அளவில் நாலு கட்டளைகள் வைத்து நிதானப்படுத்தினார்கள். 2013-ல் அதையும் மாற்றி, முதலில் எதிராளியைப் பிடித்துக்கொண்டு பிறகுதான் சேர வேண்டும் என்றார்கள். தூரமே இல்லாததால் பாய்ச்சலும் குறைந்தது. "எங்கட காலத்தில இது இருந்திருந்தா என்னோட படிச்ச ஒருத்தன் இண்டைக்கும் நடந்துகொண்டிருப்பான்" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றுதான் 'மேடே' சொல்லிக்கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் எல்லா ஆட்டக்காரருக்கும் கற்றுக்கொடுக்கிற முறை. முன்வரிசையில் யாருக்காவது கழுத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால் "மேடே!" என்று கத்த வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் திருப்பிக் கத்த வேண்டும். தள்ளுவதை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். பிடியை விடாமல் முழங்கால் போட்டு, அப்புறம் குப்புறப் படுத்துவிட வேண்டும். ரெஃப்ரி விசில் ஊதிவிடுவார். நாங்கள் இருபது தடவை செய்து பார்த்தோம். கூரியர் பையன் ஒவ்வொரு தடவையும் சிரித்தான். இருபத்தொன்றாவது தடவை கோச் அவனை மட்டும் தனியாகச் செய்யச் சொன்னார், சிரிப்பு நின்றது.

மேட்ச் பெங்களூரிலிருந்து வந்த ஒரு டீமோடு. ஞாயிறு காலை ஏழு மணி, அதற்கே ஜெர்ஸி பிழிந்தால் ஒரு வாளி. எனக்கு எதிரே ஒன்றாம் நம்பராக ஒரு பையன், இருபது வயசு இருக்கும், மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை. அவர்களுடைய வழக்கமான லூஸ்ஹெட்டுக்கு டெங்குவாம். இவன் பழகியவன்தான், ஆனால் புதுசு.

முதல் ஸ்க்ரமில் அவன் பிடி நடுங்கியது என் கையில் தெரிந்தது. என்னுடையதும் நடுங்கியது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் முழங்கை மேலே. நாடி மேலே. குச்சி முதுகில் மூன்று இடத்தில் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். 'செட்'. எடை வந்தது, இந்தத் தடவை என் வழியாகப் போய்க் காலில் இறங்கி மண்ணுக்குள் போய்விட்டது. நான் நின்றேன். பின்னால் சின்ன சிமெண்ட் "நிக்கறார்டா ரைட்டர்!" என்று கத்தியது கல்யாண நாதஸ்வரம் போல இருந்தது. அடுத்தடுத்த ஸ்க்ரம்களில் நாங்கள்தான் தள்ளினோம். அரை அடி, ஒரு அடி. சின்னச் சின்ன எட்டு.

பதினைந்து நிமிஷம் பாக்கி. அவர்கள் 17, நாங்கள் 15. அவர்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் எங்களுக்கு ஸ்க்ரம். தள்ளிக்கொண்டே போய்க் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் ஐந்து பாயிண்ட்.

பந்து வந்தது. ஹுக்கர் கொத்தினார். தள்ளினோம். நகர்ந்தார்கள். ஒரு மீட்டர் போயிருப்போம், பையனுடைய இடுப்பு மடங்கி உடம்பு உள்பக்கமாகச் சுருண்டது. அவன் நாடி நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டதை என் கன்னத்தில் உணர்ந்தேன். முனகலாக, தமிழில், "அண்ணா... கழுத்து..." என்றான்.

நான் கத்தினேன். "மேடே!"

பெரிய சிமெண்ட் கத்தினார், வக்கீல் கத்தினார், பின்னால் கூரியர் கத்தினான். எடை சட்டென்று அணைந்தது. முழங்கால், பிறகு வயிறு, பிறகு மண். விசில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கத்தியது அவன் கழுத்துக்காகவா, என் கழுத்து ஞாபகத்திலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கணத்தில் என் வலது கட்டை விரலில் ஷாக் அடித்தது. அடிக்கவே இல்லை, ஆனால் அடித்தது.

பையன் எழுந்து உட்கார்ந்தான். கை இரண்டையும் அசைத்தான், காலை அசைத்தான். கோச்தான் முதலில் ஓடிப்போய் அவன் பக்கத்தில் மண்டியிட்டார். அவனை வெளியே அழைத்துப் போனார்கள். அவர்களிடம் முன்வரிசைக்குப் பழகிய மாற்று ஆள் இல்லை. விதி என்ன? தள்ளாத ஸ்க்ரம்! எங்களுக்கு வரக் கூடாது என்று நான் மூன்று மாதம் எந்த விதிக்குப் பயந்து டம்ளர் சுமந்தேனோ, அது எதிர் டீம் வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சும்மா கோத்து நின்றோம், பந்தை எடுத்துப் பாஸ் பண்ணினோம், மூன்றாவது பாஸில் மெடிக்கல் ரெப் தவறவிட்டார். 17-15. தோல்வி.

ஐ.டி. என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இன்னும் ரெண்டு செகண்ட் பொறுத்திருக்கலாம் ரைட்டர்" என்றான் கடைசியில். இருக்கலாம். இரண்டு செகண்டில் என்னவெல்லாம் ஆகும் என்று அவனுக்குச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அவன் நல்ல பையன், நான்கு மாதமாக வாரத்தில் மூன்று நாள் விடியற்காலை வந்தவன்.

கோச் என்னிடம் பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. "வாற கிழமை டயரில இருபது. உம்மட இடது கால் வெளியால போகுது" என்றார். ஆனால் கிளம்பும்போது, வழக்கத்துக்கு விரோதமாக, என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டார்.

பையன் பத்து நாள் கழித்துப் போன் பண்ணினான். தசைப்பிடிப்புதானாம், சரியாகிவிட்டதாம். "அண்ணா, அந்த ஒட்டடைக் குச்சி மேட்டர் எப்படிண்ணா செய்யணும்?" என்று கேட்டான். முக்கால் மணி நேரம் சொன்னேன். மனைவி கடிகாரத்தைக் காட்டினாள்.

போபாலிலிருந்து பாங்க் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: 'மூணாம் நம்பர் எப்படிப் போகுது?' அங்கே ஆட டீம் கிடைக்கவில்லையாம், எடை 118 ஆகிவிட்டதாம்.

எனக்கு இப்போது ஒரே ஒரு பிரச்னைதான். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, இருக்கிற ஏழு சட்டையில் ஒன்றுக்குக்கூடக் காலர் பட்டன் போட முடியவில்லை. பதினைந்தரையாக இருந்த கழுத்து பதினேழு ஆகியிருக்கிறது. டெய்லர் இஞ்ச் டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "என்னா ஸார், தைராய்டா?" என்றார்.

"ரக்பி" என்றேன்.

"அதுக்கு மாத்திரை இருக்குதா ஸார்?" என்று கேட்டுவிட்டு, ஏழு காலருக்கும் சேர்த்துப் பில் போட ஆரம்பித்தார்.